பால் நிலையத்தில் எழுதிய தேர்வு

எங்கள் ஊரில் மருந்துக்கடை ஒன்றே ஒன்றுதான். அதை நடத்துகிறவளை ஊர் முழுக்க மருந்தக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். அவள் கணவர் பஸ் கண்டக்டர். அவரே ஒருமுறை கடை வாசலில் நாலு பேர் முன்னால் வாய் தவறி "மருந்தக்கா" என்று கூப்பிட்டுவிட்டு, அந்த வாரம் முழுக்க வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கடை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் படியில் நிற்க வேண்டும். மூன்று பக்கம் கண்ணாடி அலமாரி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், மின்சாரம் போனாலும் அந்த ஃப்ரிட்ஜ் மட்டும் ஓட ஒரு பேட்டரி, பில் போட ஒரு பழைய லேப்டாப். "அந்த மஞ்சக் கலர் மாத்திரை, பாதியா உடைச்சுச் சாப்பிடுவேனே" என்று சொன்னால் போதும், யாருக்கு எது என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கடையை விட்டால் அடுத்த மருந்துக்கடை நாற்பது கிலோமீட்டர். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு.

மருந்து விற்க உரிமம் வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்வு எழுதி அதைப் புதுப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் அவள் காலை பஸ்ஸில் நகரத்துக்குப் போய், ஒரு பெரிய கூடத்தில் உட்கார்ந்து பென்சிலால் எழுதிவிட்டு, மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவாள். இந்த முறை வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது. "விண்ணப்பதாரர்களின் வசதிக்காகத் தேர்வு இனி இணையவழியில் மட்டுமே நடைபெறும். வீட்டில் இருந்தபடியே எழுதலாம்." கூடத்தை மூடிவிட்டார்கள். மூடிய அறை, மேசை, நாற்காலி, அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, இரண்டு மணி நேரமும் முகம் கேமராவில் தெரிய வேண்டும், எங்கிருந்தோ ஒரு மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டே இருப்பார். மூன்று வாய்ப்புகள். மூன்றும் போனால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

மருந்தக்கா 'வசதிக்காக' என்ற வார்த்தையை மட்டும் இரண்டு தரம் படித்தாள்.

எங்கள் ஊரில் சிக்னல் ஓரிடத்தில் இருக்காது. காலையில் பம்ப்செட் பக்கம் கிடைக்கும், மதியம் பள்ளிக்கூடச் சுவரோரம். யாராவது நடுத்தெருவில் கையைத் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றால் என்ன ஏது என்று நாங்கள் கேட்பதில்லை, சுற்றிக்கொண்டு போவோம். அப்படிப்பட்ட ஊரில் அவள் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு, போனிலிருந்து லேப்டாப்புக்கு இணைப்பு எடுத்து, முதல் வாய்ப்பை எழுத உட்கார்ந்தாள். பத்துக் கேள்வி ஓடியது. பதினொன்றாவது கேள்வியில் திரையின் நடுவே ஒரு வட்டம் வந்து சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் 'தேர்வர் வெளியேறிவிட்டார்' என்று வந்தது. அவள் நாற்காலியை விட்டு அசையக்கூட இல்லை.

இரண்டாவது வாய்ப்புக்குக் கண்டக்டர் ஒரு யோசனை சொன்னார். ஊர்த் தண்ணீர்த்தொட்டியின் படிக்கட்டில், பாதி உயரத்தில் ஒரு திட்டு உண்டு. அங்கே சிக்னல் அடித்துத் தள்ளும். ஒரு ஸ்டூலையும் சின்ன மேசையையும் தோளில் சுமந்துகொண்டு போய் அங்கே போட்டார். இணைப்பு என்னவோ அருமையாக வந்தது. மேற்பார்வையாளர் ஒரே ஒரு பார்வை பார்த்தார். "மேடம், பின்னால வானம் தெரியுது. இது அறை இல்ல." இரண்டாவது வாய்ப்பும் போயிற்று.

அன்றே அவள் இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்துக்குப் போன் செய்தாள். அதற்கும் பள்ளிக்கூடச் சுவரோரம்தான் போய் நின்றாள்.

"எங்க பதிவுப்படி உங்க ஊருக்கு முழு இணைப்பும் குடுத்தாச்சு மேடம்" என்றது மறுமுனை.

"கம்பத்துல ஒரு பெட்டிய மாட்டிட்டுப் போனாங்க. அதுல குருவிதான் கூடு கட்டியிருக்கு."

"பதிவுல பச்சைக் கலர்ல காட்டுது மேடம்."

"அப்ப அந்தப் பச்சைக் கலர் ஊருக்கே நான் குடி போயிடறேன், வழி சொல்லுங்க."

மறுமுனை சிரிக்கவில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டது.

பழைய உரிமம் முடிய இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. மூன்றாவது வாய்ப்பும் போய்விட்டால் கடைக்குப் பூட்டுதான். புதுச் சரக்குக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று ஆர்டர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் தலைக்கு மேலே பார்த்தாள். கடைக் கூரையை ஒட்டி ஒரு கறுப்புக் கேபிள் போகிறது. வருடக்கணக்காகப் போகிறது. அவள் கடைக்கு மேலே போய், தெருமுனை திரும்பி, பால் நிலையத்துக்குள் நுழைகிறது. ஊரார் கறக்கும் பால் எத்தனை லிட்டர், எவ்வளவு கொழுப்பு என்பதை அளந்த மறுநிமிடமே தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காகப் பால் நிறுவனம் தானே செலவு செய்து இழுத்துக்கொண்ட தனி லைன்.

பால் நிலையப் பொறுப்பாளருக்கு ஊரில் பெயர் 'நாலு டிகிரி'. பால் நாலு டிகிரியில் இருக்க வேண்டும் என்று ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்வார். கண்டிப்பான ஆள். அவருக்கும் மருந்தக்காவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. ஒரு காய்ச்சலின்போது வீரியமான மாத்திரை மூன்று மட்டும் கொடு என்று வந்து நின்றார். மருத்துவர் சீட்டு இல்லாமல் தர மாட்டேன், அதுவும் பாதியில் நிறுத்துகிற மாதிரி மூன்று மட்டும் தரவே மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். கடையில் அத்தனை பேர் முன்னால் அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்றிலிருந்து அவர் வீட்டு மருந்தெல்லாம் அவர் மனைவிதான் வந்து வாங்குவது.

"நான் போய்க் கேக்கறேன்" என்றார் கண்டக்டர்.

"நீங்க போனா ஊரு முழுக்கக் கேக்கும். நானே போறேன்."

அவள் போனபோது நாலு டிகிரி தொட்டியின் பக்கத்தில் நின்று வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் பாதியை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும் எஃகுத் தொட்டி. முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். அவள் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை திரும்பவில்லை.

"வெளியாளுங்க லைனைத் தொடக் கூடாதுன்னு விதி" என்றார் பிறகு. "விதின்னா உங்களுக்கே நல்லாத் தெரியுமே."

குத்தல் அவளுக்குப் புரிந்தது. முகம் சிவந்தது. ஆனாலும் குரல் உயரவில்லை.

"தெரியும்ண்ணே. அதனாலதான் விதிய மீறச் சொல்லிக் கேக்க வரல. உங்க மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. முடியாதுன்னா முடியாதுன்னு தெரிஞ்சுக்கறேன்."

அவர் மறுபடி வெப்பமானிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் திரும்பி வந்துவிட்டாள். வரும் வழியெல்லாம் இனி என்ன செய்வது என்ற எண்ணம்தான். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் கடைப் படியில் ஒரு செருப்புச் சத்தம். நாலு டிகிரி நின்றிருந்தார். படியேறாமல் கையிலிருந்த தாளை மட்டும் நீட்டினார். பால் வாங்காத நேரத்தில், பொறுப்பாளரின் பொறுப்பில், ஒரு முறை அனுமதி என்று ஒரே ஒரு வரி.

மருந்தக்கா அதை வாங்கிப் படித்தாள். "அண்ணே..." என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணும் பாசத்துல செய்யல" என்றார் அவர். "எங்க வீட்டம்மாவோட இன்சுலின் உங்க ஃப்ரிட்ஜுலதான் இருக்கு. நீங்க கடையை மூடினா நான்தான் ஐஸ்பெட்டியைக் கட்டிக்கிட்டு ரெண்டு பஸ் மாறி ஓடணும். பரீட்சைய வெள்ளிக்கிழமை பத்தரைக்கு எடுத்துக்கிங்க. பத்து மணிக்குள்ள பால் நாலு டிகிரிக்கு வந்துடும். ஒரு மணிக்கு டேங்கர் லாரி வரும். நடுவுல கம்ப்ரஸரை நிறுத்தி வைக்கறேன். அது போடற சத்தத்துல நீங்க என்னத்தை எழுதுவீங்க?"

வெள்ளிக்கிழமை காலை கண்டக்டர் விடுப்புப் போட்டுவிட்டுப் பால் நிலைய வாசலில் காவலுக்கு நின்றார். பஸ்ஸில் கூட்டத்தைக் கட்டி மேய்க்கிற குரலை அன்றைக்கு ரகசியக் குரலாகச் சுருக்கி வைத்திருந்தார். மோட்டார் சைக்கிளில் வந்தவர்களிடம் எல்லாம், "ஹாரன் அடிக்காதீங்க, உள்ள பரீட்சை, அப்படியே ரைட்ல போங்க" என்று கையைக் காட்டினார். தேர்வென்று எங்களுக்கும் தெரியும். அந்தத் தெருவில் அன்று நாய்கூடக் குரைக்கவில்லை என்று கண்டக்டர் இன்றைக்கும் சொல்வார். அதில் பாதியை நம்பலாம்.

உள்ளே மேசை, நாற்காலி, லேப்டாப். சுவரில் இணைப்புப் பெட்டி, அதில் ஒரு பச்சை விளக்கு. நாலு டிகிரி கம்ப்ரஸரை நிறுத்தினார். அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் போனதும் அறை திடீரென்று பெரிதானது போல் இருந்தது. அவர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் மேற்பார்வையாளர் வந்தாள். இளம்பெண். காதில் பெரிய ஒலிக்கருவி, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"மேடம், லேப்டாப்பைத் தூக்கி அறையைச் சுத்திக் காட்டுங்க."

மருந்தக்கா காட்டினாள்.

"அது என்ன மேடம், அவ்ளோ பெருசா?"

"பால் தொட்டிம்மா."

"மூடியிருக்கே. உள்ள யாராவது...?"

"உள்ள ரெண்டாயிரம் லிட்டர் பால் இருக்கும்மா."

அந்தப் பெண் ஒரு கணம் தயங்கினாள். "மன்னிச்சுக்கிங்க மேடம். மூடியிருக்கிற எதையும் திறந்து காட்டணும்னு விதி."

மருந்தக்கா குரல் கொடுத்தாள். நாலு டிகிரி உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பால் தொட்டிக்குள் ஆளை ஒளித்து வைப்பதாகச் சந்தேகப்பட்டவர்கள் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் இல்லை. இருந்தாலும் கையைக் கழுவி, தலைக்குத் தொப்பி மாட்டி, கையுறை போட்டு, பச்சைக் குழந்தையைக் காட்டுவது போல் மூடியை லேசாகத் தூக்கி, "பார்த்தாச்சா? மூடலாமா? கால் டிகிரி ஏறிடும்" என்றார்.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கியது மருந்தக்காவுக்கு நன்றாகவே தெரிந்தது. "போதும் சார். ரொம்ப நன்றி."

தேர்வு தொடங்கியது. தொண்ணூறு கேள்விகள். அவளுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எந்த மருந்தோடு எந்த மருந்து சேரக்கூடாது, குழந்தைக்கு எந்த எடைக்கு எவ்வளவு மருந்து, எதைக் குளிரில் வைக்க வேண்டும், எதை வைக்கவே கூடாது என்பதெல்லாம் தினமும் அவள் கையில் புழங்குவதுதான். ஒவ்வொரு கேள்வியும் சட்சட்டென்று திரையில் வந்து விழுந்தது. இணைப்பு என்றால் இப்படியா இருக்கும் என்று அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது. முப்பத்தெட்டாவது கேள்விவரை கண்ணை இமைக்கவில்லை.

"மேடம், உங்க பின்னால யாரோ இருக்காங்க."

மருந்தக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். "யாருமே இல்லம்மா."

"இருக்காங்க மேடம். பெரிய முகம். அகலமா."

பின்னாலிருந்த தொட்டியின் பளபளப்பான வயிற்றில் ஒரு முகம் இழுபட்டுத் தெரிந்தது. எதிர்ச் சுவரின் ஜன்னல் வழியாக அவளுடைய மாமியார் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வாசலில் காவல் நிற்க, அம்மா பின்பக்கமாக வந்துவிட்டார்.

"அத்தை! அங்கேருந்து போங்க!"

"நீ எழுதும்மா, நான் ஒண்ணும் பேசலையே. வேர்த்து ஊத்துதேன்னு பார்த்தேன். தண்ணி வேணுமா?"

"இதுதான் முதல் எச்சரிக்கை மேடம்" என்றாள் மேற்பார்வைப் பெண். இப்போது அவள் குரலில் சிரிப்பில்லை. "இன்னொண்ணு வந்தா தேர்வு ரத்தாயிடும். முப்பது நொடி தர்றேன், ஜன்னலைச் சாத்திட்டு வாங்க."

அவள் எழுந்து ஓடி ஜன்னலைச் சாத்தினாள். வெளியே கண்டக்டர் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக இழுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. "ஏம்மா, ஊரையே நிறுத்தி வச்சிருக்கேன், உன்னை நிறுத்த முடியலையேம்மா!" "என் மருமக பாவம்டா, காலையில ஒரு வாய்கூடச் சாப்பிடல!"

ஜன்னலும் கதவும் அடைத்த அறையில் காற்றே இல்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைத்துத் துடைத்து எழுதினாள். ஐம்பது. அறுபது. அறுபத்து மூன்றாவது கேள்விக்கு விடையைத் தொட்டாள். அடுத்தது வரவில்லை.

மூலையில் இருந்த சின்னக் கட்டம் கறுப்பாகிவிட்டது. திரையில் எழுத்துகள் வந்தன: 'மேற்பார்வையாளர் இணைப்பில் இல்லை. இருக்கையை விட்டு எழ வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குள் இணைப்புத் திரும்பாவிட்டால் தேர்வு ரத்தாகும்.' அதன் கீழே நேரம் பின்னோக்கி ஓட ஆரம்பித்தது.

லைன் போய்விட்டதா? கண்ணை மட்டும் திருப்பிச் சுவர்ப் பெட்டியைப் பார்த்தாள். பச்சை விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. மின்சாரம் இருந்தது. லேப்டாப் விளக்கும் எரிந்தது. பிறகு என்ன? நாலு டிகிரியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவர் உள்ளே வருவார். வேறு ஆள் அறைக்குள் வந்ததாகக் கேமராவில் பதிவாகும். எழுந்து கதவைத் திறக்கலாம். எழுந்தால் இருக்கையை விட்டு எழுந்ததாகப் பதிவாகும். எதைச் செய்தாலும் அவள் தலையில்தான் விடியும்.

அவள் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு நிமிடம். மூன்று. கடையில் மருந்துக்கு வரிசையாக வருபவர்களின் முகம் ஒவ்வொன்றாக வந்து போயிற்று. மஞ்சள் மாத்திரைக்காரர். வலிப்பு வரும் பெண்குழந்தையின் அம்மா. இவர்களுக்கெல்லாம் என்ன சொல்வது? 'இணைப்பு இல்லை' என்பது ஒரு மருந்துக்கடை மூடுவதற்குச் சொல்லக்கூடிய காரணமா? இரண்டு நிமிடம். அழுகை தொண்டைவரை வந்தது. அழுதால் முகத்தைத் துடைக்க வேண்டும், முகத்தை மறைத்ததாகிவிடும் என்று அதையும் விழுங்கினாள்.

நாற்பது நொடி இருக்கும்போது கட்டத்தில் வெளிச்சம் வந்தது.

முதலில் தெரிந்தது வானம். பிறகு ஒரு கைப்பிடிச் சுவர், கொடியில் காயும் துணி. பிறகுதான் அந்தப் பெண்ணின் முகம். மூச்சு வாங்கியது. காதிலிருந்த ஒலிக்கருவியைக் காணோம். எங்கோ காகம் கத்தியது. அது அந்தப் பக்கத்துக் காகம்.

"அக்கா... அக்கா, இருக்கீங்களா?"

மேடம் எப்போது அக்கா ஆனாள் என்று இருவருமே கவனிக்கவில்லை.

"இருக்கேம்மா. அசையவே இல்ல."

"எங்க தெருவுல லைன் போயிடுச்சுக்கா. போனைத் தூக்கிக்கிட்டு மொட்டை மாடிக்கு ஓடி வந்தேன். இங்கதான் கொஞ்சம் கிடைக்கும். நல்லவேளை, நேரம் முடியல."

மருந்தக்காவுக்கு இப்போதுதான் மூச்சே வந்தது. கூடவே ஒரு சிரிப்பும் வந்தது. "உனக்குப் பின்னால வானம் தெரியுதும்மா. அது அறை இல்லையே."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்துவிட்டாள். "ஐயோ அக்கா, நீங்க வேற!"

"எந்த ஊரும்மா நீ?"

"சொல்லக் கூடாதுக்கா. உங்க ஊரு மாதிரி ஒரு ஊருதான்." பிறகு குரலைச் சரிசெய்துகொண்டாள். "போன அஞ்சு நிமிஷத்தை உங்க நேரத்துல சேர்த்துட்டேன். தடங்கல் என் பக்கம்தான்னு அறிக்கையில எழுதிடறேன்."

"உனக்கு ஒண்ணும் வராதே?"

"எழுதித்தானே ஆகணும்? உங்க மேல தப்பில்லையே. எழுதுங்கக்கா, அறுபத்து நாலாவது கேள்வி."

மிச்சமிருந்த இருபத்தேழு கேள்வியையும் அவள் எப்படி எழுதினாள் என்று அவளுக்கே நினைவில்லை. கடைசிக் கேள்வியைத் தொட்டதும் திரை ஒருமுறை வெளுத்தது. தொண்ணூறுக்கு எண்பத்து மூன்று. தேர்ச்சி. ஆனால் அதன் கீழே சின்ன எழுத்தில், 'மேற்பார்வை அறிக்கையின் பரிசீலனைக்குப் பிறகே உறுதி செய்யப்படும்' என்று இருந்தது.

கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தபோது மூன்று பேரும் வரிசையாக நின்றிருந்தார்கள். நாலு டிகிரி ஓடிப்போய்க் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு, வெப்பமானியைப் பார்த்து, "நாலே முக்கால்தான், பரவால்ல" என்றார். பாலைச் சொன்னாரா, அவளைச் சொன்னாரா தெரியவில்லை. மாமியார் கையில் தண்ணீர்ச் செம்பு. "என்னாலதான் கெட்டுச்சா? சொல்லிடும்மா, என்னாலதானா?"

"இல்ல அத்தை. பாஸ். ஆனா இன்னும் பார்த்துட்டுச் சொல்லுவாங்களாம்."

"பாஸுன்னா பாஸுதான், அப்புறம் என்னத்தைப் பார்ப்பாங்க?" என்றார் கண்டக்டர். சொன்னாரே தவிர அவருக்கும் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த மூன்று நாள் எங்கள் எல்லோருக்குமே நீளமாகத்தான் இருந்தது. பதில் மின்னஞ்சலில் வரும். மின்னஞ்சல் நிம்மதியாகத் திறப்பது பால் நிலையத்தில்தான். கொழுப்பு அளவை அனுப்பும்போதெல்லாம் நாலு டிகிரியே அவளுடைய பெட்டியையும் பார்த்துவிடுவார். இதற்கும் மேலிடத்தில் அனுமதி கேட்டாரா என்று நாங்கள் கேட்கவில்லை. பால் ஊற்ற வருகிற ஒவ்வொருவரும், "வந்துச்சா?" என்பார்கள். "கேனை ஆட்டாம வைங்க, வரல" என்பார் அவர்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, யாரும் எதிர்பாராத நேரத்தில், அவர் தெருவில் வேகவேகமாக நடந்து வந்தார். தொப்பியையும் கையுறையையும் கழற்றவில்லை. இந்த முறை படியேறி உள்ளே வந்தார். கையில் இரண்டு தாள், அச்சடித்த சூடு இன்னும் போகவில்லை. ஒன்று உரிமம், ஐந்து வருடத்துக்கு. மற்றொன்று மேற்பார்வை அறிக்கையின் நகல். 'தடங்கல் முழுவதும் மேற்பார்வையாளர் தரப்பில் ஏற்பட்டது. அந்த நேரம் முழுவதும் தேர்வர் இருக்கையை விட்டு அசையவில்லை.'

மருந்தக்கா அதைப் படித்தாள். அப்படியே மேசைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை விழுங்கி வைத்திருந்த அழுகையையெல்லாம் அன்றைக்கு அழுது தீர்த்தாள். கடையில் இருமல் மருந்து வாங்க வந்தவர் பயந்துபோய், தனக்கு ஒன்றும் அவசரமில்லை என்றார். நாலு டிகிரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அலமாரியில் இருந்த பஞ்சுக் கட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அண்ணே, இது புண்ணுக்கு வைக்கிறது" என்றாள் அவள் அழுகையோடே. அப்புறம் மூன்று பேரும் சிரித்தார்கள்.

அதோடு அவள் விடவில்லை. அன்றே தேர்வு வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். அந்த மேற்பார்வைப் பெண் தன் மேல் பழி வரும் என்று தெரிந்தும் உள்ளதை உள்ளபடி எழுதியதற்காக அவளைத் தண்டித்துவிடக் கூடாது என்று கேட்டாள். இணைப்பு இல்லாத ஊர்க்காரர்கள் எழுத அந்தப் பழைய கூடத்தை மறுபடியும் திறக்க வேண்டும் என்றும் கேட்டாள். கூடத்தைப் பற்றி இன்றுவரை பதில் இல்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்து, அந்தப் பெண்ணின் மீது நடவடிக்கை ஏதும் இல்லை, அவர் பணியில் தொடர்கிறார் என்று பதில் வந்தது. மருந்தக்கா அதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினாள். "நல்ல பொண்ணு. என் மூஞ்சி அகலம்னு சொன்னதுதான் மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்றார் அவர்.

கம்பத்துப் பெட்டியில் இன்னும் குருவிதான் குடியிருக்கிறது. நிறுவனத்தின் பதிவில் நாங்கள் இன்னும் பச்சை. ஆனால் நாலு டிகிரி தானாகவே மேலிடத்துக்கு இன்னொரு விண்ணப்பம் போட்டார். மேலிடமும் சம்மதித்தது. இப்போது புதன்கிழமைதோறும் பதினொன்றிலிருந்து ஒன்றுவரை பால் நிலையத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். வாசலில் எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். முதல் புதன்கிழமை ஒருவர் பயிருக்குக் காப்பீடு பதிந்தார். அவர் நாலு மாதமாக முயன்றுகொண்டிருந்த வேலை, பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. முடிந்துவிட்டதா என்று நம்பாமல் இன்னும் கால் மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக மருந்தக்காவின் மாமியார் முறை. அவருடைய தங்கை கடல் கடந்து மகளோடு இருக்கிறார். எட்டு வருடமாகக் குரல் மட்டும்தான், அதுவும் விட்டு விட்டு. மருமகள் லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். திரையில் தங்கையின் முகம் தெளிவாக, தலைமுடியின் ஒவ்வொரு நரையும் தெரிகிற மாதிரி வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எங்கே பேசினால் படம் போய்விடுமோ என்று பயந்தது போல இருந்தது.

"ஏண்டி இப்படி இளைச்சுப் போயிட்ட?" என்றார் அக்கா கடைசியில்.

"நீ மட்டும் என்ன? பல்லு எங்கக்கா?"

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. முழங்கால் வலி, மாப்பிள்ளையின் கோபம், யாரோ ஒருவரின் கல்யாணத்தில் யாரோ பேசாமல் போனது என்று ஓடிக்கொண்டே இருந்தது. மருந்தக்கா சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மணி அடித்துப் பத்து நிமிடம் ஆயிற்று. வாசலில் டேங்கர் லாரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிக் குழாயை அவிழ்க்கப் போனார்.

நாலு டிகிரி கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே திரைக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்த அம்மாளைப் பார்த்தார். பிறகு லாரிப் பக்கம் போய், "வாங்க வாங்க, என்ன இவ்ளோ அவசரம்? ஊர்ல மழையெல்லாம் எப்படி?" என்று ஓட்டுநரின் தோளில் கை போட்டு அவரைத் தெருவோர நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.